31 ஆவது கிலோமீட்டரில் வேன் ஏறியவருக்கு

கேள்வி:

ஐயா, வணக்கம். எனக்கு 43 வயது. வீடு புக்கிட் மெர்தாஜாமில். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட்; நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. அப்பா தவறிய பிறகு மனசு சரியில்லாமல் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) இரண்டு முறை முடித்தேன், கடைசியாக 2 மணி 35 நிமிடம். அந்தத் தைரியத்தில் பினாங்குப் பாலத்தில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, சனிக்கிழமை பகலில் மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். தோழிகளோடு முதல் 10 கிலோமீட்டரை 65 நிமிடத்தில் கடந்தேன். எல்லாத் தண்ணீர் மேசையிலும் இரண்டு குவளை குடித்தேன். 25க்குப் பிறகு கால் என்னுடையதாகவே இல்லை. குமட்டல், தலைவலி, விரல் வீங்கி மோதிரம் இறுகிவிட்டது. 31 ஆவது கிலோமீட்டரில் உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்த வேனில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஓட்டம் வாழ்க்கைப் பாடம், பாதியில் விடாதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் விட்டுவிட்டேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தபோது டிப்ளோமா படிப்பையும் இப்படித்தான் விட்டேன். "நீ எதைத்தான் முடிச்சிருக்க?" என்று அண்ணன் சிரிக்கிறார். 14 வயது மகன், "நீங்க நிறுத்தலாம்னா நானும் பூப்பந்துப் பயிற்சிய நிறுத்தறேன்" என்கிறான். என் எடை 62 கிலோ, வேறு நோய் இல்லை. மறுபடியும் ஓடலாமா? பாதியில் விடுவதுதான் என் குணமா?

பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்கள் அண்ணன் மேல் கோபம் வந்தது. இரண்டாம் தடவை ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு நீங்கள் எழுதியிருக்கும் எண்களுக்கெல்லாம் கீழே கோடு போட்டேன். 65 நிமிடம். 62 கிலோ. மூன்று மணி நேரத் தூக்கம். இரண்டு குவளை. குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தில் குணத்துக்கான தடயம் ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. அன்று ராத்திரி உங்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதற்குத்தான் தடயம் கொட்டிக்கிடக்கிறது. நான் பிசியோ. இருபது வருடத்துக்கு மேலாக மற்றவர்களின் முழங்காலையும் குதிகாலையும் பிடித்துப் பார்த்துப் பிழைப்பவன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

அரை மாரத்தானில் உங்கள் வேகத்தை வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 விநாடிச் சொச்சம் வருகிறது. பாலத்தில் முதல் 10 கிலோமீட்டர் 65 நிமிடம். கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம். தூரம் இரண்டு மடங்கு, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் 50 விநாடி சீக்கிரமாக முடித்திருக்கிறீர்கள். தோழிகளோடு பேசிக்கொண்டு போகும்போது இது உறைக்காது. நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குப் புறப்படுகிற குஷி, விளக்கு, ஒலிபெருக்கி, ஆயிரக்கணக்கான காலணிச் சத்தம், எல்லாம் சேர்ந்து காலை இழுத்துக்கொண்டு போய்விடும். எனக்கும் நடந்திருக்கிறது. முதல் பத்தில் மிச்சம் பிடித்த ஐந்து நிமிடத்துக்குக் கடைசிப் பத்தில் முப்பது நிமிடம் வட்டி கட்டினேன்.

அடுத்தது எரிபொருள். ஓடுகிற உடம்பு, ஏறக்குறைய, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி செலவழிக்கும். உங்களுக்குக் கிலோமீட்டருக்கு 62. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேர்த்து வைத்திருக்கிற மாவுச்சத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். அந்தக் கையிருப்பு பெரும்பாலானவர்களுக்கு 1,600 முதல் 2,000 கலோரி வரைதான். இப்போது 62ஐ 31ஆல் பெருக்குங்கள். 1,922. உடம்பு இவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் பார்க்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பும் கூடவே எரியும், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கையிருப்பில்தான் கைவைக்கும். வழியில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றும் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். 25க்குப் பிறகு கால் என்னுடையதாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, தீர்ந்துபோன கிளைக்கோஜனை இதைவிட நன்றாக நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

தூக்கம் வேறு. ஒரு ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு, மூன்று மணி நேரம் கண்ணயர்ந்து, அடுத்த ராத்திரி 42 கிலோமீட்டர். தூக்கம் குறைந்தால் அதே வேகம் அதிகக் கஷ்டமாகத் தெரியும். இது மனப்பிரமை இல்லை, ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரிதானே, குளிர்ச்சியாக இருக்கும் என்று வெளியூரிலிருந்து வருபவர்கள் நினைப்பார்கள். பினாங்கில் விடியற்காலைதான் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வையால் சட்டை நனைவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கு ஓடும், காலுக்குக் குறையும், இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பாலத்தின் நடுவே கப்பல் போவதற்காகத் தூக்கிக் கட்டிய மேட்டைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை ஏறவேண்டும். பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. அங்கே கால் ஓய்ந்தால் ஒதுங்கி நிற்க ஒரு கடைவாசல்கூடக் கிடையாது.

என்னைக் கவலைப்பட வைத்தது இதெல்லாம் இல்லை, அந்த மோதிரம்தான். நீண்ட நேரம் ஓடினால் விரல் கொஞ்சம் வீங்குவது சாதாரணம். ஆனால் வீக்கம், குமட்டல், தலைவலி மூன்றும் சேர்ந்து வந்து, அதற்கு முன் மேசைக்கு மேசை இரண்டு குவளை வெறும் தண்ணீர் குடித்திருந்தால், ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, நீர்த்து இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். கடிதத்தை வைத்துக்கொண்டு அதுதான் என்று நான் சொல்ல முடியாது. நடக்கக்கூடியது என்று மட்டும் சொல்கிறேன். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வேகமாக ஓடுபவர்களைவிட மெதுவாக ஓடி நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். முற்றினால் குழப்பம், வலிப்பு, மூளை வீக்கம் வரை போகும். அந்த நிலையில், "இன்னும் 11தான், விடாதே" என்று யாராவது உங்களைத் தூக்கி நிறுத்தியிருந்தால், இன்றைக்கு இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்குமா என்று தெரியாது. நீங்கள் உட்கார்ந்தீர்கள். வேனில் ஏறினீர்கள். அந்த ராத்திரி நீங்கள் செய்த காரியங்களில் சரியானது அதுதான்.

விட்டுக்கொடுக்காதவர்கள் எனக்கு நிறையப் பழக்கம். அவர்களால்தான் என் கிளினிக் ஓடுகிறது. ஒருவர், நாற்பது வயதுக்காரர், இடுப்பு மடிப்பில் வலியோடு கடைசி 8 கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். பதக்கத்தோடு எடுத்த படத்தை என் மேசைமேல் போனை நீட்டிக் காட்டினார், சிரித்த முகம். பெஞ்சில் ஏறிப் படுக்கச் சொன்னேன். காலைத் தானாகத் தூக்க முடியவில்லை, இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துத் தூக்கிவைத்தார். அங்கேயே நான் கையை எடுத்துவிட்டேன், நேரே மருத்துவமனைக்கு அனுப்பினேன். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல். இரண்டு ஸ்குரூ, மூன்று மாதம் ஊன்றுகோல். அவருடைய மன உறுதியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு ஓட்டம் என்ன பாடம் சொல்லிக்கொடுத்தது என்று என்னைக் கேட்டால், பதில் சொல்லக் கஷ்டப்படுவேன்.

என் கருத்தைக் கேட்டால், ஓட்டம் சொல்லிக்கொடுப்பது சின்ன விஷயம். இந்த நேரத்தில், இந்த உடம்பு, உண்மையில் எப்படி இருக்கிறது என்று தனக்குத் தானே பொய் சொல்லாமல் பார்க்கப் பழக்குகிறது. நேற்றுத் தூங்கினோமா, இன்று சாப்பிட்டோமா, இந்த மூச்சு எந்த வேகத்துக்குத் தாங்கும். இதைச் சட்டையில் அச்சடித்து விற்க முடியாது. அதனால்தான் 'விடாதே' என்கிற பாடம் பிரபலமாகிவிட்டது.

11 கிலோமீட்டர் மிச்சம் வைத்தேன் என்று வருந்துகிறீர்கள். அந்த 42.195 எப்படி வந்தது தெரியுமா? 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1908 இல் லண்டனில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அளந்தால் 42.195. 1921 இல் அதையே நிரந்தரத் தூரம் ஆக்கிவிட்டார்கள். அதே 1908 போட்டியில் முதலாவதாக அரங்குக்குள் வந்த இத்தாலிக்காரர் டொராண்டோ பியெட்ரி, மயங்கிப் பல தடவை விழுந்து, அதிகாரிகள் கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்ட வைத்ததால் தகுதி இழந்தார். மறுநாள் ராணி அவருக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். உங்களுக்குக் கோப்பை தர என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம். அதற்கு முன் உங்கள் கால் போயிருந்த அதிகபட்சத் தூரம் 21 கிலோமீட்டர். கடிதத்தில் வேறு நீண்ட பயிற்சி ஓட்டம் எதுவும் இல்லை. அன்றைக்குப் போனது 31. தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல்.

சரி, மறுபடியும் ஓடலாமா? ஓடலாம். அதற்கு முன் ஒரு மருத்துவரிடம் அன்றைக்கு நடந்ததை அப்படியே சொல்லி, ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள். இந்த வருடம் அரை, அடுத்த வருடம் முழு என்று சொல்லத்தான் ஆசை. கடிதத்தின் தொனியைப் பார்த்தால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் முழு மாரத்தான் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 48 நாள் விரதம் இருந்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் தோளில் ஏற்றுவார்கள். போகிற வழியில் பார்த்தால் காவடிக்குப் பின்னால் ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டே வருவார். கால் ஓய்ந்தால் முக்காலி தரைக்கு வரும், காவடி உட்காரும், கெண்டைக்காலைப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் எழுந்து 513 படி ஏறுவார்கள். உட்கார்ந்ததால் வேண்டுதல் பலிக்காது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்களும் முக்காலியைக் கையோடு கொண்டுபோங்கள். முதல் கிலோமீட்டரிலிருந்தே ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் வேக நடை. களைத்த பிறகு நடப்பதும் களைப்பதற்கு முன்பே நடப்பதும் வேறு வேறு. நடந்தால் கௌரவக் குறைச்சல் என்று தோன்றினால், 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் மலேசிய வீரர் ஜி. சரவணன் தங்கம் வாங்கியது 50 கிலோமீட்டர் நடையில்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். (அவருடைய நடையை நாம் ஓடிக்கூடப் பிடிக்க முடியாது, அது வேறு விஷயம்.)

வேகம்: கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம், நடையையும் சேர்த்து. ஐந்தரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி முடிப்பீர்கள். முதல் பத்தில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், தோழிகள் உட்பட. போகட்டும். பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்று வைத்த மீன் குழம்பைப் பற்றி மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "புளி கொஞ்சம்…" என்று பாதியில் நின்றால் வேகம் அதிகம்.

பயிற்சியை உங்கள் ஷிப்டை வைத்துத்தான் போட வேண்டும், யாரோ எழுதிய அட்டவணையை வைத்து அல்ல. என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே காட்டுக்குள் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். தினமும் வெட்டினால் பால் சேரும் மங்கு இரண்டு மடங்கு நிறையும் என்று நினைத்துச் செய்தால், கொஞ்ச காலத்தில் வெட்டுப்பட்டை காய்ந்து அந்த மரத்தில் பாலே நின்றுவிடும். உங்கள் காலும் அப்படித்தான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு நன்றாக இருக்கிறதே என்று தினமும் ஓடுகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள்.

வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். இரண்டு ஓய்வு நாளில் முதல் நாள் தூங்குங்கள், இரண்டாம் நாள் விடியற்காலை நீண்ட ஓட்டம். மெங்குவாங் அணைக்கட்டு உங்களுக்குப் பக்கம்தானே. 12 கிலோமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள். மூன்று தடவை கூட்டினால் நான்காவது தடவை குறையுங்கள். ஆறு மாதம் வேண்டும். மூன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். 26 கிலோமீட்டர் வந்தால் போதும், மிச்சத்தைப் போட்டியன்று பார்த்துக்கொள்ளலாம். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் மட்டும் ஓடாதீர்கள். தவறவிட்ட ஓட்டத்தை அடுத்த வாரத்தில் சேர்க்கவும் வேண்டாம். போட்டிக்கு முன் இரண்டு ராத்திரி ஆண்டு விடுப்பு எடுங்கள். பதிவுக் கட்டணத்தைக் கட்டுகிற அன்றைக்கே விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

சாப்பாடு: ஓட ஆரம்பித்த முதல் மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் மாதிரி இருக்கும். வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ, பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் போட்டியில் சாப்பிடுங்கள். தண்ணீருக்கு என்னிடம் ஒரு வீட்டு வைத்தியம் மாதிரியான பரிசோதனை இருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன் தராசில் ஏறுங்கள். வந்த பிறகு, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தால் பரவாயில்லை. கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தாகத்துக்குக் குடியுங்கள், மேசையைப் பார்த்துக் குடிக்காதீர்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

அண்ணன் வாயை மூட என்னிடம் மருந்து இல்லை. டிப்ளோமாவைப் பற்றிப் பேசுவதும் என் தொழில் இல்லை. ஆனால் பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்கு நான் போகிறவன். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது, வாயில் ஊற்றியது புரையேறாமல் பார்ப்பது, ராத்திரி மூன்று மணிக்குத் துணி மாற்றுவது, இதை நான்கு வருடம் செய்தவர்களின் இடுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததாலேயே யாரென்று புரிந்துகொண்டேன். 'எதைத்தான் முடிச்சிருக்க' என்று அடுத்த முறை அவர் கேட்டால் இதையும் கணக்கில் சேர்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், அல்லது சொல்லாமலும் இருங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சொன்னதை உங்கள் மேல் எறிந்த கல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம். 14 வயது, வேகமாக வளர்கிற நேரம், பூப்பந்து என்றால் குதிப்பும் திடீர் நிறுத்தமும்தான். இந்த வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கம், எலும்பு புடைத்துக்கொண்டு வலிப்பது பையன்களிடம் சர்வசாதாரணம். வளர்ந்து முடிந்தால் போய்விடும், ஆனால் அதுவரை பயிற்சியைக் குறைக்காவிட்டால் ஒவ்வொரு குதிப்பும் குத்தும். பயிற்றுநரிடம் சொல்ல வெட்கப்படுவார்கள். வீட்டில் சொன்னால் சாக்குச் சொல்கிறான் என்பார்கள். அம்மா வேனில் வந்து இறங்கியதைப் பார்த்த பிறகு அவனுக்கு ஒருவேளை வாய் திறந்திருக்கிறது.

இன்று சாப்பிட உட்காரும்போது, திட்டாமல், அந்த இடத்தில் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால், கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவன் விளையாடும் காலணியையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.